உவரி பக்கம் கரையில நின்னு விலாங்குக்குத் தூண்டில் போடலாமா?

பாளை_தூண்டில்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நமக்கு பாளையங்கோட்டை, ஆத்துல கெண்டை கெளுத்தின்னு போட்டுத்தான் பழக்கம், கடலுக்கு இப்பதான் போக ஆரம்பிச்சிருக்கேன். யூடியூப்ல இங்கிலாந்துக்காரங்க ராத்திரி பாறை மேல உக்காந்து காங்கர்னு ஒரு கடல் விலாங்கு பிடிக்கத பாத்துப் பாத்து ஆசை வந்துட்டு, ஆள் நீளத்துக்கு வருது, ரெண்டு பேரு சேந்து தூக்குதாங்க. நம்ம உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை தூண்டில் வளைவுல (அலையத் தடுக்க கடலுக்குள்ள நீட்டிக் கொட்டுன கல்லு வரிசை) நின்னு போட்டா அது கிடைக்குமா? பத்தடி ராடு, 5000 சைஸ் ரீலு, 40 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூலு) இருக்கு. இரை என்ன, முள்ளு என்ன சைஸு, அவங்க சொல்லுத மாதிரி ஏத்தவத்தம் (கடல் தண்ணி ஏறி இறங்குதது) பாத்துதான் போகணுமா? ராத்திரி கடலுக்குன்னாலே வீட்டுல ஆயிரம் கேள்வி, அதான் கேட்டுட்டுப் போவோம்னு.

தெக்குக்கரையான்:
தம்பி, அந்த காங்கர் நம்ம கடல்ல கிடையாது, அது அட்லாண்டிக், மத்தியதரைக்கடல் பக்கத்து மீனு. 1995-ல இங்கிலாந்து பெரி ஹெட் பக்கம் படகுல பிடிச்சது 60 கிலோவுக்கு மேல, அதையெல்லாம் மனசுல வச்சிக்கிட்டு உவரிக்கு பஸ் ஏறாத.

நம்ம பக்கம் ரெண்டு தினுசு. கல்லு இடுக்குல கிடக்கது அஞ்சாளை. மணலும் சேறுமா இருக்க தரையில, ஆத்து வாய்ப்பக்கம் திரியுதது கடல் விலாங்கு, வெள்ளையா பளபளன்னு மூஞ்சி நீண்டு இருக்கும், அதுவும் ரெண்டு மீட்டர் வரைக்கும் வளரும். நீ வளைவுல நின்னு கல்லோரமா இரைய இறக்குனா வாரது முக்காவாசி அஞ்சாளைதான். விலாங்கு வேணும்னா கல்ல விட்டுத் தள்ளி மணல் தரைக்கு வீசணும். எது வந்திருக்குன்னு பாக்க செவுளுக்குப் பின்னால டார்ச் அடிச்சுப் பாரு, சின்ன செட்டை இருந்தா விலாங்கு, மொழுக்குன்னு இருந்தா அஞ்சாளை.

இங்கிலாந்துக்காரங்க முள்ளுக்கு மேல தடிச்ச நைலான் நரம்பு மட்டும் கட்டுதாங்கன்னு நீயும் கட்டிராத. நம்ம விலாங்குக்கு மேல்வாய் நடுவுல தனியா ஒரு வரிசை பல்லு, முன்னால கோரைப்பல்லு, நரம்பு அதுல ஒரசிச்சுன்னா போச்சு. ஒரு அடி ஸ்டீல் ஒயரு, நல்ல ஸ்விவலு (சுழலுத இணைப்பு வளையம், மீனு திருகிக்கிட்டே வரும், ஸ்விவல் சரியில்லன்னா நரம்பு பூரா முறுக்கிக்கிடும்), 5/0 இல்ல 6/0 முள்ளு. இரைக்கு சாளைய குறுக்க வெட்டி தலைப்பக்கம், இல்லன்னா கணவா. நேத்து மீனு வேண்டாம், ரத்தம் வடியணும்.

ஏத்தவத்தத்துக்கு மண்டைய உடைக்காத. அங்க பிரிஸ்டல் பக்கமெல்லாம் 10 மீட்டருக்கு மேல ஏறி இறங்கும், நமக்கு ஒரு மீட்டரே தேறாது. நீ பாக்க வேண்டியது நீவாடு (கடல் நீரோட்டம்), அப்புறம் அலை. ஆனி ஆடில கச்சான் (மேக்குக் காத்து) அடிக்கும்போது வளைவு மேல ஏறாத. சித்திரை வைகாசில காத்தே இல்லாம கள்ளக்கடல் வரும், கடல் குளம் மாதிரி கிடக்கும், திடீர்னு ஒரு அலை வந்து கல்லோட வழிச்சிட்டுப் போயிரும். இன்காய்ஸ் (கடல் நிலவரம் சொல்லுத மத்திய அரசு நிறுவனம்) எச்சரிக்கை போட்டிருக்கான்னு பாத்துட்டுக் கிளம்பு, தனியா மட்டும் போகாத.

கடிச்ச உடனே டிராக்க (ரீல்ல நரம்பு ஓடாம பிடிக்குத திருகு) இறுக்கி ரெண்டு அடி மேல தூக்கிரு. விட்டேன்னா இடுக்குல உடம்பக் குடுத்து நின்னுக்கிடும். உள்ள போயிட்டா மல்லுக்கட்டாத, நரம்ப தளர விட்டுட்டு ஒரு பீடி குடிக்க நேரம் சும்மா இரு, பல நேரம் அதுவா நகரும், அப்ப இழு.

பாளை_தூண்டில்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. முள்ள எப்படி எடுக்கது? வீடியோல துண்ட வச்சுப் பிடிச்சு எடுக்காங்க.

தெக்குக்கரையான்:
விலாங்குன்னா நனைஞ்ச சாக்குல போட்டு அமுக்கி, நீளமூக்கு பிளேயர்ல எடு. அஞ்சாளைன்னா எடுக்கவே எடுக்காத, ஒயர வெட்டி விட்டுரு. அது வாலுல முடிச்சுப் போட்டு அந்த முடிச்ச தலைப்பக்கம் உருட்டிக்கிட்டே வரும், அப்ப நம்ம பிடி தன்னால விட்டுப்போவும். தொண்டைக்குள்ள இன்னொரு தாடை வேற இருக்கு, கடிச்சத உள்ள இழுக்கதுக்குன்னே. அது எப்படி வேலை செய்யுதுன்னு 2007-லதான் கண்டுபிடிச்சு எழுதுனாங்க. விரல விட்டுப் பாக்க வேண்டாம்.

ஆத்தூர்க்காரன்:
விலாங்குக்கு உவரி வரைக்கும் எதுக்கு வே போகணும்? புன்னக்காயல் பக்கம் தாமிரபரணி கடல்ல சேருத இடத்துல பாரும். நம்ம ஆத்து விலாங்கும் அந்த வழியாத்தான் போகுது. கடல்ல பொறந்து, இலை மாதிரி கண்ணாடியா மிதந்து வந்து, குட்டியா ஆத்துக்குள்ள ஏறி, வருசக்கணக்கா இங்க கிடந்து வளந்து, பெறவு முட்டை போட திரும்ப கடலுக்குப் போயிரும், அதோட கதை முடிஞ்சுது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுதது போதாதுன்னு ஆத்துக்கும் கடலுக்கும் காட்டுது. அணைக்கட்டு குறுக்க இருக்கதால மேல ஏற அதுக்குப் பாடுதான், அதனால கிடைச்சா சின்னத விட்டுரும் தம்பி.

மணப்பாடு_மருமகள்:
சாப்பாட்டுக்குன்னா நான் சொல்லுதேன். கடல் விலாங்கு ருசிதான், ஆனா சதைக்குள்ள பொடி முள்ளு ஜாஸ்தி. ஜப்பான்ல இதே சாதி மீன ஹாமோம்பாங்க, தோல் அறுபடாம சதைய மட்டும் நெருக்க நெருக்கக் கீறி முள்ள நொறுக்கிருவாங்க, கியோட்டோல கோடையில அதுதான் விசேஷம். நமக்கு அந்தப் பொறுமை எங்க, கல்லுப்பும் சாம்பலும் போட்டு வழுவழுப்பு போகத் தேச்சு, துண்டம் போட்டு, புளி தூக்கலா குழம்பு வச்சிருவோம். வெட்டும்போது ரத்தம் கண்ணுலயோ கைப்புண்ணுலயோ படக்கூடாது, விலாங்கு ரத்தத்துல விஷத்தன்மை உண்டு, வெந்துட்டா போயிரும். பெரிய அஞ்சாளைல சில நேரம் பாருல (கடலுக்கடியில இருக்க பாறைத் திட்டு) இருந்து சேருத விஷம் வேற, அது வெந்தாலும் போகாது, அதனால எங்க வீட்டுல அஞ்சாளை ஏத்துகதே இல்ல. வயித்துக்குள்ள இருக்க நெட்டிய (காத்துப்பை) தூரப் போட்டுராதீங்க, பெரிய விலாங்கு நெட்டிய காயவச்சா வாங்க ஆளு இருக்கு.

தெக்குக்கரையான்:
தங்கச்சி சொன்னது சரி. தம்பி இன்னொண்ணு, இருட்டுல நீளமா எது வந்தாலும் விலாங்குன்னு நினைச்சிராத. வால் துடுப்பு மாதிரி தட்டையா, உடம்புல செதிலு தெரிஞ்சா அது கடல்பாம்பு, கடிச்சா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். கடல் விலாங்குக்கு செதில் கிடையாது, முதுகுச் செட்டை வால் வரைக்கும் ஒரே வரியா ஓடும். சந்தேகமா இருந்தா கரையேத்தாம நரம்ப வெட்டிரு. அமாவாசைய ஒட்டிப் போ, நெலா வெளிச்சத்துல எனக்கு ஒழுங்கா கடிச்சதில்ல.

பாளை_தூண்டில்:
சரி அண்ணாச்சி, சாக்கும் பிளேயரும் எடுத்து வச்சாச்சு. ஒயரு நம்ம ஊர் கடையில கிடைக்குமா, தூத்துக்குடிக்குப் போகணுமா?

ஆத்தூர்க்காரன்:
தூத்துக்குடியிலயே வாங்கிரும். அப்படியே புன்னக்காயலுக்கும் வந்துட்டுப் போம்.