டயப்பர் வாஷிங் மெஷினுக்குள்ள போயிருச்சு, துணி பூராம் ஜெல்லு. எப்படி எடுக்குறது?

அனுப்பானடி மாடிவீடு

வணக்கம் மக்களே, கொஞ்சம் அவசரம். பாப்பாவோட டயப்பர் ஒண்ணு போர்வைக்குள்ள சுருண்டுக்கிட்டு மெஷினுக்குள்ள போயிருச்சு. மூடியத் திறந்தா வெறும் பிளாஸ்டிக் தோல்தான் முழுசாக் கெடக்கு. உள்ள இருந்ததெல்லாம் துணியில. நிறமே இல்லாத கொழகொழ உருண்டை, கூடவே நைஞ்ச பஞ்சு. டவல், பாப்பா சட்டை, அவரு ஆபீஸ் பேன்ட், இது பத்தாதுன்னு எங்க அத்தையோட சுங்குடிச் சேலையும் அதுல மாட்டிக்கிச்சு.

டாப் லோடு, ஃபுல் ஆட்டோமேட்டிக். கார்ப்பரேஷன் குழாத் தண்ணி. ரின்ஸ் போட்டுப் பாத்தேன், உருண்டை இன்னும் பெருசாகுது. தண்ணியும் மெதுவாத்தான் வெளிய போகுது. துணியத் தூக்கிப் போடணுமா? மெஷினுக்கு ஆபத்தா? இது பிள்ளைக்கு விஷமா? அத்தை கோயிலுக்குப் போயிருக்காங்க, வர்றதுக்குள்ள சேலைக்காவது ஒரு வழி சொல்லுங்க.

திருமங்கலம் ரெட்டைப்பிள்ளைக்காரி

மொதல்ல தண்ணிய நிறுத்துங்க. ரின்ஸே போடாதீங்க, ஊத்த ஊத்த ஊதும். துணிய ஒண்ணொண்ணா எடுத்துட்டுப் போய் மொட்டை மாடியில உதறுங்க. கீழ ஒரு பழைய பெட்ஷீட்ட விரிச்சுக்கிட்டா அள்ளிப் போட லேசு. பாத்ரூம்ல உதறிறாதீங்க, தரையில விழுந்தா எண்ணெயா வழுக்கும், அப்பறம் இடுப்புக்கு வைத்தியம் பாக்கணும். உதறிட்டு அப்படியே கொடியில போட்டுருங்க. நம்ம ஊரு வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள்ள தூளாயிரும், தட்டுனா கொட்டிரும்.

கீழவாசல் அக்கா

தங்கச்சி, காயப் போட்டா துணியோட ஒட்டிக்கிட்டு பொரபொரன்னு ஆயிரும். டவல்ல ஒட்டுனா லேசுல வராது. கல்லுப்பு இருக்குல்ல, பக்கெட்டுல கரைச்சு அதுல துணிய முக்குங்க. உருண்டையெல்லாம் சுருங்கி நழுவிக் கீழ போயிரும். எங்க வீட்டுல நாங்க இப்படித்தான் எடுத்தோம்.

திருமங்கலம் ரெட்டைப்பிள்ளைக்காரி

அக்கா, உப்புத் தண்ணியில முக்குனா ஜெல்லு போகும், சரி. அந்தப் பஞ்சு? அது ஈரத்துல துணியோட அப்பிக்கிட்டுல்ல நிக்கும். கறுப்பு பேன்ட்ல ஒரு தடவ பட்டுச்சுன்னா தெரியும் உங்களுக்கு.

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். டயப்பருக்குள் இருப்பது இரண்டு பொருள், அதனால்தான் இந்த வாதம். ஒன்று மரக்கூழ்ப் பஞ்சு. மற்றது சோடியம் பாலிஅக்ரிலேட் என்கிற பாலிமர் தூள். ஒரு டயப்பரில் சுமார் 10 முதல் 15 கிராம் வரை இருக்கும். உப்பில்லாத தண்ணீரை அந்தத் தூள் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். 200 மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், 12 கிராம் தூள் இரண்டு கிலோவுக்கு மேல் ஜெல்லாகிவிடும். ரின்ஸ் போட்டதும் பெருத்தது இதனால்தான்.

வெளியே இருக்கும் தண்ணீரில் உப்பு சேர்ந்தால் உள்ளே இழுக்கும் விசை குறைந்துவிடும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருந்தாலே உறிஞ்சும் அளவு சில பத்து மடங்காக இறங்கிவிடும். டயப்பரில் குழந்தையின் சிறுநீர் பட்டால் இவ்வளவு உப்புவதில்லையே, அதற்கும் காரணம் சிறுநீரில் இருக்கும் உப்புதான். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் இந்த ஜெல்லைச் சுருக்கும். ஆகவே குழாய்த் தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீரில் துவைத்திருந்தால் கொஞ்சம் குறைவாக ஊதியிருக்கும்.

பஞ்சுக்கு உப்பால் எந்தப் பயனும் இல்லை. அது காய்ந்தால்தான் உதிரும். ஆகவே முதலில் உதறல், பிறகு உப்புத் தண்ணீர், பிறகு வெயில், காய்ந்த பின் பிரஷ். 10 லிட்டர் பக்கெட்டுக்கு 200 கிராம் கல்லுப்பு போதும்.

விஷமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆனால் ஈரம் பட்டால் ஊதிப் பெருக்கும் பொருள், காய்ந்த தூளைக் குழந்தை அள்ளி வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் சட்டையை இரண்டு தடவை கூடுதலாக அலசி, தையல் ஓரங்களையும் பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அனுப்பானடி மாடிவீடு

ரொம்ப நன்றி சார். உப்புத் தண்ணியில சேலைச் சாயம் போயிராதா? சுங்குடி ஆச்சே.

கீழவாசல் அக்கா

அட, புதுச் சுங்குடிய மொத மொதல்ல உப்புத் தண்ணியில நனைச்சு எடுக்குறதுதான நம்ம ஊரு வழக்கமே! பயப்படாம போடுங்க. ஆனா தனி பக்கெட்டுல, பச்சத் தண்ணியில. டவலோட சேத்து முக்கிறாதீங்க. ரொம்ப நேரம் ஊறவும் விடக்கூடாது. முக்கி, ரெண்டு தடவ அலசி, முறுக்காம உதறி நிழல்ல போடுங்க. மத்த துணிக்கு வெயில், இதுக்கு மட்டும் நிழல். கரைப் பக்கத்து மடிப்புக்குள்ள பஞ்சு ஒளிஞ்சிருக்கும், காஞ்சப்பறம் விரிச்சு வச்சு மெல்லத் தட்டுங்க.

தெப்பக்குளம் தம்பி

அக்கா, அந்த உருண்டைய அப்படியே ஜிகர்தண்டாவுல போட்டா பாதாம் பிசினுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது 😄

சரி சரி, வையாதீங்க. வினிகர் ஊத்துனாலும் சுருங்கும்னு கேள்விப்பட்டேன், நெசமா? வீட்டுல பிளீச்சிங் பவுடரும் கெடக்கு, ரெண்டையும் மெஷின்ல போட்டு ஓட்டுனா சுத்தமாயிரும்ல?

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்

தம்பி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். பிளீச்சிங் பவுடரும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் மூச்சு முட்டிப்போகும். அமிலத்தில் இந்த ஜெல் சுருங்கும் என்பது உண்மைதான், ஆனால் அதே வேலையை உப்பு செய்யும்போது வினிகருக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? பிளீச்சிங் பவுடர் சுங்குடியில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை.

புதூர் மெஷின் மெக்கானிக்

துணியப் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, மெஷினப் பாப்போம். இந்த மாதிரி கேஸ் அடிக்கடி வரும்ங்க. மெஷின் போயிராது, பயப்படாதீங்க.

மொத பிளக்கப் பிடுங்குங்க. தொட்டிக்குள்ள கெடக்குற ஜெல்லக் கையால, இல்ல பிளாஸ்டிக் முறத்தால அள்ளுங்க. தண்ணிய ஊத்தி வெளிய தள்ளப் பாக்காதீங்க, அம்புட்டும் குழாய்க்குள்ளதான் போய் உக்காரும். அள்ளுனதுக்கப்பறம் காஞ்ச துணியால துடைங்க. தொட்டி ஓரத்துல வலைப்பை மாதிரி ஒரு ஃபில்டர் இருக்குமே, அதக் கழட்டித் திருப்பி உதறுங்க. அடியில சுத்துற தட்டு நடுவுல ஒரு ஸ்க்ரூ இருக்கும். வீட்டுல கழட்டத் தெரிஞ்ச ஆள் இருந்தா அந்தத் தட்டத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க. பாதி ஜெல்லு அதுக்கு அடியிலதான் இருக்கும்.

அப்பறம் கால் கிலோ உப்பக் கரைச்சு ஊத்தி, துணியில்லாம சும்மா ஓட விடுங்க. சுத்தி முடிச்ச உடனே டிரெய்ன் பண்ணிருங்க. உப்புத் தண்ணிய ராத்திரி பூரா ஊறப் போடச் சொல்லுவாய்ங்க, கேக்காதீங்க, இரும்புப் பாகத்துக்கு ஆகாது. பின்னாடியே ரெண்டு தடவ வெறும் தண்ணியில ரின்ஸ்.

மெதுவாப் போகுதுன்னு சொன்னீங்களே, ஹோஸக் கழட்டிப் பாருங்க, வளைவுல அடைச்சிருக்கும். டாப் லோடுல நிறைய மாடலுக்குப் பம்பு கெடையாது, வால்வு திறந்தா தண்ணி தானா இறங்கும். அதுனால ஹோஸ் நுனி தரையோட கெடக்கணும், தூக்கி வச்சிருந்தா அதுக்கும் மெதுவாத்தான் போகும். இன்னொண்ணும் கவனிங்க. தண்ணி ஏறும்போதே வெளிய ஒழுகிக்கிட்டே இருந்தா வால்வு இடுக்குல ஜெல்லு மாட்டி மூடாம நிக்குதுன்னு அர்த்தம். அதுக்கு மட்டும் ஆளக் கூப்புடுங்க.

அனுப்பானடி மாடிவீடு

நிலவரம்: சேலை தப்பிச்சிருச்சு! நிழல்ல தொங்குது, ஒரு உருண்டை கூட இல்ல. டவல் இன்னும் பொரபொரன்னுதான் இருக்கு, காஞ்சதும் பிரஷ் போடணும். பாப்பா சட்டை சுத்தம். பேன்ட் பாக்கெட்டுக்குள்ள ஒரு கை ஜெல்லு இருந்துச்சு, வாத்தியார் சார் சொல்லலைன்னா பாத்திருக்கவே மாட்டேன். ஹோஸ் வளைவுல அடைப்புதான், எடுத்ததும் தண்ணி சல்லுன்னு போகுது.

அள்ளுன ஜெல்லு ஒரு வாளி இருக்கு. டாய்லெட்ல ஊத்தி ஃப்ளஷ் பண்ணிறலாமா?

புதூர் மெஷின் மெக்கானிக்

ஐயோ, வேணாம்! அடுத்து பிளம்பருக்குத்தான் காசு குடுக்கணும். மாடி வீடு வேற, கீழ் வீட்டுக்காரவுக சண்டைக்கு வந்துருவாக.

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்

ஒரு தாம்பாளத்தில் பரப்பி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வெயிலில் வையுங்கள். ஒரு வாளி ஒரு பிடியாக வற்றிவிடும். அதைக் கிழிந்த டயப்பரோடு சேர்த்துத் தாளில் நன்றாகச் சுற்றி, குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள். டயப்பரைச் சுற்றித்தான் போட வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. சமையல் கழிவோடு கலக்கவே கூடாது, அங்கே வெறுங்கையால் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

உசிலம்பட்டிக்காரன்

இடையில ஒரு கேள்வி அண்ணே. நம்ம வீட்டுல ஃப்ரண்ட் லோடு. போன வாரம் இதே கூத்து. துணியெல்லாம் சரியாயிருச்சு, ஆனா ஸ்பின் வரும்போது கடகடன்னு சத்தம் குடுத்துட்டு நின்னுருது. உள்ள தண்ணியும் நிக்குது.

புதூர் மெஷின் மெக்கானிக்

தம்பி, உங்களுது பம்பு உள்ள மெஷின். முன்பக்கம் கீழ் மூலையில ஒரு சின்ன மூடி இருக்கும், அதுக்குள்ள திருகு மாதிரி ஃபில்டர். பிளக்கப் பிடுங்கிட்டு, அடியில ஒரு அகலத் தட்டு வச்சு, பைய கொஞ்சம் கொஞ்சமாத் திருகுங்க. ஒரேயடியாத் திறந்தா நிக்கிற தண்ணி பூராம் வீட்டுக்குள்ள வந்துரும். சுடுதண்ணியில துவைச்சிருந்தா ஆறவிட்டுத் திறங்க. ஃபில்டர எடுத்துட்டு உள்ள டார்ச் அடிச்சா ஒரு சின்ன காத்தாடி தெரியும், குச்சியால மெல்லச் சுத்திப் பாருங்க. அதுல பஞ்சு சுத்தியிருக்கும். எடுத்துட்டு, மூடிய இறுக்கி, துணியில்லாம ஒரு ரின்ஸ் ஓட்டுங்க. அப்பறமும் நின்னா மாடல் நம்பரப் போடுங்க, பாப்போம். ரப்பர் வளையத்து மடிப்பையும் விரலால தடவிப் பாருங்க, கீழ்ப்பக்கம் ஜெல்லு தேங்கியிருக்கும்.