கொரோனா முடிந்து பள்ளி திறந்தபோது மைதானத்தில் என்ன பார்த்தீர்கள்? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோடு பக்கம், பி.டி. மாஸ்டர்:

2020 மார்ச்சில் முழுப் பரீட்சை எழுதாமலே வீட்டுக்குப் போன ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், 2021 நவம்பர் 1-ஆம் தேதி நேராக எட்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். உயரமும் எடையும் கூடியிருந்தது, தம்தான் இல்லை. அப்போது மழை வேறு, கூட்டமாக விளையாட விடவும் யோசனை, அப்புறம் ஜனவரியில் ஒமைக்ரான் என்று மறுபடி மூடி பிப்ரவரியில் திறந்த பிறகுதான் 600 மீட்டர் ஓடவிட்டுப் பார்க்க முடிந்தது. 200 மீட்டர் தடத்தில் மூன்று சுற்று, அவ்வளவுதான். முன்பெல்லாம் பேசிக்கொண்டே ஓடிய பையன்கள் இரண்டாவது சுற்றிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. ஆடு மேய்த்தவன், தக்காளி மண்டியில் பெட்டி தூக்கியவன், மாங்காய் சீசனில் தோப்புக்குப் போனவன், இவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. அதில் ஒருவன் ஆறாவது படிக்கும்போது எந்த ஆட்டத்திலும் ஒப்புக்குச் சப்பாணி. இப்போது கபடியில் ரெய்டு போனால் நாலு பேர் சேர்ந்தாலும் பிடிக்க முடியவில்லை, வகுப்பே அவன் பின்னால் சுற்றுகிறது. பழைய கேப்டன், டவுனில் கடை வைத்திருப்பவர் வீட்டுப் பையன், இரண்டு வருஷமும் செல்போனும் கையுமாக இருந்தவன். டீம் பிரிக்கும்போது கடைசி வரை அவன் பெயர் வராது. "குண்டா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவும் யார், அவனோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். பி.டி. பீரியட் வந்தாலே தலைவலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுவான்.

வேலைக்குப் போனவனுக்கு உடம்பு தேறியது என்று சந்தோஷப்படவும் முடியாது, அவனுக்குத் தமிழ்ப் பாடம் எழுத்துக்கூட்டித்தான் வருகிறது. மைதானத்தில் இருக்கிற வரைக்கும்தான் ராஜா, மணி அடித்தால் கடைசி பெஞ்ச்.

கேப்டன்கள் ஆள் பொறுக்குவதை நிறுத்திவிட்டு, வருகைப் பதிவு நம்பர்படி நானே டீம் பிரித்தேன். ஓட்டத்திலும் யார் முதல் என்று பார்க்காமல், போன மாதம் அவனவன் ஓடிய நேரத்தோடு ஒப்பிட்டுச் சொன்னேன். தலைவலிக்காரன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தான். அதற்குள் போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு சார் என் பீரியடை வாங்கிக்கொண்டார், அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஓசூர், ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் அம்மா:

மாஸ்டர் சொல்வது கிராமத்துக்குச் சரி. எங்கள் பக்கம் தலைகீழ். என் மகள் வகுப்பில் அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்கு உள்ளேயே ரோடு, பேட்மின்டன் கோர்ட் எல்லாம் இருந்ததால் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததுமே விளையாட இறங்கிவிட்டார்கள். நாங்கள் இருப்பது லைன் வீடு, வாசலில் ஸ்கிப்பிங் ஆடினால் பக்கத்து வீட்டு பைக் மேல் கயிறு படும். பள்ளி திறந்ததும் த்ரோபால் டீம் முழுக்க அந்த அபார்ட்மென்ட் கூட்டம்தான், பிறந்தநாளுக்குக் கூப்பிடுவதும் அந்த டீமுக்குள்ளேயே. இவள் ஸ்போர்ட்ஸ் டே அன்று வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள்.

5 முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிஷமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதாம், டாக்டர் சொன்னார். எந்த இடத்தில் அசைப்பது என்று கேட்டேன், சிரித்தார். ஓனர் அம்மாவிடம் கெஞ்சி மொட்டை மாடிச் சாவி வாங்கி வைத்திருக்கிறேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிடுகிறார்கள், கீழ் வீட்டுக்காரர் தினமும் சண்டைக்கு வருகிறார்.

பென்னாகரம், ஆசிரியை:

ரெண்டு பேரும் சொன்னதைப் படித்தேன். எங்கள் கோ-கோ டீமில் இருந்த பெண்கள் பாதிப் பேர் அந்த இரண்டு வருஷத்தில் வயசுக்கு வந்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது ஓட முடியுமா என்ற பேச்சே எழவில்லை, வீட்டில் அனுப்ப மாட்டோம் என்றார்கள். இருப்பதிலேயே வேகமாக ஓடுகிறவள் பள்ளிக்கே வரவில்லை, விசாரித்தால் கல்யாணம் ஆகிவிட்டது என்றார்கள், பதினைந்து வயசுகூட ஆகவில்லை. தங்கச்சி இப்போது என்னிடம்தான் ஏழாவது படிக்கிறாள், அக்காவைவிட வேகம். டீமில் சேர்க்கச் சம்மதக் கையெழுத்து வாங்க வீட்டுக்கே போனேன். அப்பா, "பார்க்கலாம் டீச்சர்" என்றார், அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் மறுபடி போகிறேன்.