அப்பாவின் கல்வெட்டில் கப்பல் கதையைப் போடலாமா? அந்தக் காலத்து ஆட்கள் யாராவது சொல்லுங்கள்

மட்டுவிலாள் எழுதியது:

வணக்கம். அப்பா போன மாதம் ரொறன்ரோவில் காலமானார். 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடிக்க வேண்டும். பாரிஸில் இருக்கிற சித்தப்பாதான் பொறுப்பெடுத்திருக்கிறார். சிவபுராணம், வம்சாவளி, திதி வெண்பா எல்லாம் தயார். வாழ்க்கை வரலாறு என்று ஒன்றரைப் பக்கம் அனுப்பியிருக்கிறார். அதில்தான் சிக்கல்.

மட்டுவில், பன்றித்தலைச்சி அம்மன் கோயில், பங்குனித் திங்கள் பொங்கல், தோட்டத்துக் கத்தரிக்காய் என்று முதல் பக்கம் முழுக்க ஊர்தான். அது நன்றாகவே இருக்கிறது. பிறகு திடீரென்று, "1986ஆம் ஆண்டு திரைகடலோடித் திரவியம் தேடும் நோக்குடன் கப்பலேறி ஹலிபாக்ஸ் துறைமுகத்தை வந்தடைந்தார்." அடுத்த வரியிலேயே ஸ்காபரோவில் வீடு வாங்கிவிட்டார். நடுவில் பத்து வருடத்தைக் காணோம். அகதி என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

அப்பா கப்பலில் வந்தவர் என்று கேட்டுத்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குப் படகுப் படம் ஒன்று வரைந்தேன். அப்பா பார்த்துவிட்டு, "படகு இதைவிடச் சின்னது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன கிழமை அவருடைய வருமானவரிக் கோப்புகளைப் பிரித்தபோது ஏரோகிராம்கள் ஒரு கட்டு கிடைத்தன. அப்பாச்சிக்கு எழுதியவை. அப்பாச்சி கனடா வந்தபோது திருப்பிக் கொண்டுவந்திருக்க வேண்டும். நான் எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வாசிப்பேன், ஒரு கடிதத்துக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. 30-8-1986 என்று திகதி போட்ட ஒன்றில் ஜேர்மன் முத்திரை இருக்கிறது, ஸ்ருட்காட். உள்ளே இப்படி (ஹைம் என்றால் அகதிகள் விடுதி): "எங்கட ஹைமில இருந்து போன பெடியளை ரி.வி.யில காட்டினவங்கள். கனடாவில கரை சேந்திட்டாங்கள். நான் காசு கட்டாமல் விட்டது நல்லதோ கெட்டதோ தெரியேல்லை அம்மா."

அப்படியானால் அவர் அந்தக் கப்பலில் வரவே இல்லை. அம்மாவைக் கேட்டேன். 91இல் கலியாணம் கட்டினபோது தனக்கும் கப்பல் என்றுதான் சொன்னார் என்கிறார். அப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை. கல்வெட்டில் இப்போது எதை எழுதுவது?

கந்தர்மடம்:

ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனால் செத்தவீட்டுப் புத்தகத்தில் விசாரணை எதற்கு? கப்பல் என்றே இருக்கட்டும். அகதி என்று அச்சில் போட்டால் ஊரில் கதைப்பார்கள். சித்தப்பா எழுதினதை விடுங்கள்.

பழைய வெலஸ்லிக்காரன்:

பிள்ளை, முதலில் அந்த ஹலிபாக்ஸ் துறைமுகத்தை வெட்டச் சொல்லுங்கோ. அந்தப் பயணம் எந்தத் துறைமுகத்துக்கும் வரவில்லை. மேற்கு ஜேர்மனியில் இருந்து வந்த கப்பல், 155 இலங்கைத் தமிழரை இரண்டு உயிர்காப்புப் படகில் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. மூன்று நாள் மிதந்தார்கள். 1986 ஓகஸ்ட் 11, நியூபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், பனிப்புகாருக்குள் கஸ் டோல்டன் என்ற மீன்பிடிக்காரர் கண்டு காப்பாற்றினார். பிறகு சென்ற் ஜோன்ஸ் பல்கலைக்கழக விடுதியில் தங்க வைத்தார்கள். இந்தியாவில் இருந்து வந்தோம் என்று பெடியள் முதலில் சொன்னது பொய் என்று சில நாளில் வெளித்துவிட்டது. பத்திரிகையில் கிழி கிழி என்று கிழித்தார்கள். ஆனாலும் அரசாங்கம் ஒரு வருட பெர்மிட் கொடுத்தது. அகதிகளுக்கு உதவினதற்காக ஐ.நா.வின் நான்சன் விருது கனடா மக்களுக்குக் கிடைத்ததும் அதே வருடம்தான், வேடிக்கையைப் பாருங்கோ.

நானும் அந்தப் படகில் வந்தவன் இல்லை. 87இல் தலைமாத்தின, அதாவது படம் மாற்றி ஒட்டின, பாஸ்போட்டில் விமானத்தில் வந்து இறங்கினேன். ரொறன்ரோ சென்ற் ஜேம்ஸ் டவுனில் ஒரு படுக்கையறை வீட்டில் ஏழு பேர். பகல் வேலைக்காரன் எழும்பினால் இரவு வேலைக்காரன் அதே மெத்தையில் படுப்பான், சூடு ஆறியிருக்காது. வேலை ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுவது. மெஷின் கதவைத் தூக்கினால் நீராவி முகத்தில் அடிக்கும். குடிவரவுப் பேப்பரில் எங்கள் பெயர் தகப்பன் பெயரோடு தலைகீழாகப் பதிந்துவிட்டதால், சுப்பர்வைசர் நாள் முழுக்க என் ஐயாவின் பெயரைச் சொல்லித்தான் கத்துவான். ஊரில் ஐயா பெயரை முகத்துக்கு நேரே சொன்ன ஆள் கிடையாது.

சமையல்காரன், பஸ் டிரைவர், வீட்டுக்காரி எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: நீ அந்தப் படகில் வந்தவனா? இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்ப எப்படி வந்தாய்? பாஸ்போட் கதையைச் சொல்ல முடியுமா? அகதி வழக்கு வேறு முடியவில்லை. "ஓம், படகுதான்" என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போவான். நான் இரண்டு வருடம் அப்படித்தான் சொன்னேன். ஒருநாள் என் வாயிலேயே மீன்பிடிக்காரர் எனக்குத் தேத்தண்ணி தந்த கதை வந்துவிட்டது! உங்கள் அப்பாவுக்கும் அப்படித் தொடங்கியிருக்கலாம். அதைப் பொய் என்று எழுதிவிடாதேங்கோ.

நெக்கார்க்கரை:

தங்கச்சி, அந்த ஹைம் வாழ்க்கை எனக்குத் தெரியும். என் அண்ணனும் ஸ்ருட்காட் பக்கம்தான். கொழும்பில் ஏரோபுளொட் ஏறி, மொஸ்கோவில் மாறி, கிழக்கு பேர்லினில் இறங்குவார்கள். பிரிட்றிக்ஸ்ராச ஸ்ரேசனில் ரயில் பிடித்தால் மேற்கு பேர்லின். பேர்லின் பிரிவை எல்லையாகவே மேற்குப் பக்கம் ஏற்றுக்கொள்ளாததால் அங்கே பாஸ்போட் பார்க்க ஆள் இல்லை. பிறகு அந்த வழியை அடைத்துவிட்டார்கள்.

ஆனால் வந்து என்ன, வேலை செய்யத் தடை. மாவட்டம் தாண்டுவதற்கும் அனுமதிக் கடிதம் வேண்டும். 24, 25 வயதுப் பெடியள் யன்னலால் பார்த்துக்கொண்டு இருந்ததுதான் வேலை. ஊருக்குக் காசு அனுப்ப வழியில்லை என்ற வெட்கம் அண்ணனைத் தின்றது. அதனால்தான் கனடா என்று ஓடினார்கள். உங்கள் அப்பாவின் கடிதங்களில் காசு பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். இந்த வருடங்களை விட்டுவிட்டால் அவர் ஏன் கனடா வந்தார் என்றே வாசிக்கிறவர்களுக்கு விளங்காது.

மட்டுவிலாள்:

அங்கிளுக்கும் அக்காவுக்கும் மிச்சம் நன்றி. கடிதங்களைத் திரும்ப வாசித்தேன். காசு பற்றி எல்லாவற்றிலும் இருக்கிறது. "அடுத்த மாதம் அனுப்புவன்" என்று ஐந்து கடிதத்தில். ஒன்றில் 20 மார்க் வைத்திருக்கிறேன் என்று எழுதி, பிறகு அதை வெட்டியிருக்கிறார். வைத்திருக்க மாட்டார் போல.

சித்தப்பாவோடு இரண்டு மணித்தியாலம் போனில் சண்டை. துறைமுகம் போய்விட்டது. "1985இல் நாட்டைவிட்டு வெளியேறி, மேற்கு ஜேர்மனியில் அகதியாக இருந்து, 1987இல் கனடா வந்து அகதி அந்தஸ்துக் கோரினார்" என்று எழுத ஒத்துக்கொண்டுவிட்டார். திரைகடலை மட்டும் விடமாட்டாராம், சரி, அது இருக்கட்டும். ஆனால் "ஒன்பது வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினார்" என்ற வரிக்கு ஒரேயடியாக மறுத்துவிட்டார். உணவகத் துறையில் பணியாற்றினார் என்று போடச் சொல்கிறார்.

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "கோப்பை கழுவினவர் எண்டே போடு. வெளியில ஒன்பது வருசம் கழுவின மனுசன், வீட்டில ஒரு நாள் ஒரு கோப்பை கழுவேல்லை. அதையும் சேத்துப் போடு."

சித்தப்பா போனை வைத்துவிட்டார். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது, இரண்டு வரியும் இருக்கும்.