கல்லூரி ஐஸ் ஹாக்கி: ஊடகங்களின் கண்ணுக்குக் கிழக்கு மட்டும்தான் தெரிகிறதா?

மலைப்பனி:
2025 என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) ஆண்கள் போட்டியை எடுத்துக்கொள்வோம். 16 அணிகளில் ஆறு கிழக்கின் ஹாக்கி ஈஸ்ட் கான்ஃபரன்ஸை (தங்களுக்குள் தொடர் ஆடும் கல்லூரிகளின் கூட்டணி) சேர்ந்தவை: பாஸ்டன் காலேஜ், பாஸ்டன் யுனிவர்சிட்டி, மெயின், கனெக்டிகட், பிராவிடன்ஸ், மாசசூசெட்ஸ். மேற்கின் என்சிஎச்சி கான்ஃபரன்ஸிலிருந்து இரண்டே இரண்டு: வெஸ்டர்ன் மிஷிகன், டென்வர். அந்த ஆறில் ஒன்றுதான் ஃப்ரோஸன் ஃபோர் வரை, அதாவது கடைசி நான்கு வரை வந்தது. இந்த இரண்டும் வந்தன. செயின்ட் லூயிஸ் இறுதியில் வெஸ்டர்ன் மிஷிகன் 6-2 என்று பாஸ்டன் யுனிவர்சிட்டியைச் சாய்த்து முதல் பட்டத்தை வாங்கியது. முந்தைய வருடம் டென்வர் 2-0 என்று பாஸ்டன் காலேஜை வென்றது. கோல்கீப்பர் மேட் டேவிஸ் 35 ஷாட்களைத் தடுத்தார்.

இரண்டு சீசனிலும் அக்டோபர் முதல் மார்ச் வரை டிவியில் ஓடியதெல்லாம் பாஸ்டன் புராணம். பிப்ரவரி வந்தால் பீன்பாட். நான்கு கல்லூரிகள் மட்டும் ஆடும் ஊர்க்கோப்பை அது. அதற்குக் கிடைக்கும் இடத்தில் பாதியாவது நார்த் டகோட்டா - டென்வர் தொடருக்குக் கிடைக்கிறதா?

சார்லஸ்கரை:
பீன்பாட்டை ஊர்க்கோப்பை என்று தள்ளுவது நியாயமில்லை சார். 1952 முதல் நடக்கிறது; இப்போது பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கள்கிழமைகளில், டிடி கார்டனில். தேதி நிலையானது, அரங்கம் நிலையானது, எதிராளிகளும் அவர்களேதான். ஒரு டிவி தயாரிப்பாளருக்கு இதைவிட வசதியான பொருள் வேறென்ன? உங்கள் வெள்ளி-சனி தொடர் எத்தனை நல்ல ஆட்டமாக இருந்தாலும், அதே இரவில் நாடெங்கும் இருபது இருபத்தைந்து ஆட்டங்கள் நடக்கின்றன. திங்கள் இரவில் போட்டிக்கு ஆளே இல்லை.

இன்னொன்று. 2024-25 சீசனில் முதல்நிலையில் 64 ஆண்கள் அணிகள். கிழக்குக் கான்ஃபரன்ஸ்களில் ஹாக்கி ஈஸ்ட் 11, ஈசிஏசி 12, அட்லாண்டிக் 11. மொத்தம் 34, பாதிக்கு மேல். (அட்லாண்டிக்கில் கொலராடோவின் ஏர் ஃபோர்ஸும் இருக்கிறது. பூகோளப் பாடம் படித்தவர்கள் மன்னிக்கவும்.) அணிகள் எங்கே அதிகமோ நிருபர்களும் அங்கேதான் அதிகம் இருப்பார்கள்.

மலைப்பனி:
அணி எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் அட்லாண்டிக் கான்ஃபரன்ஸ் பற்றியும் பக்கம் பக்கமாக எழுத வேண்டுமே, எழுதுகிறார்களா? கிழக்கு என்று நீங்கள் எண்ணிக் காட்டியது 34. பேச்சில் வருவது ஐந்தாறு.

புள்ளிக்கணக்கு:
இருவருமே மூன்று விஷயங்களைக் குழப்புகிறீர்கள். ஊடகத்தில் யாருக்கு இடம் என்பது ஒன்று, வாராந்தர வாக்கெடுப்புப் பட்டியல் இன்னொன்று, என்சிஏஏ குழு அணிகளைத் தேர்ந்து எங்கே அனுப்புகிறது என்பது மூன்றாவது. ஹாக்கியில் இந்த மூன்றாவதில் எழுத்தாளர் கருத்துக்கு வேலையே இல்லை.

2025-ல் அணிகளைத் தேர்ந்தது பேர்வைஸ் என்ற கணக்கு. ஒவ்வொரு அணியையும் மற்ற அணிகளோடு இரண்டிரண்டாக ஒப்பிடுவார்கள்: நேரடி மோதல், பொது எதிராளிகளோடு ஆடிய முடிவு, ஆர்பிஐ. இதில் கனமானது ஆர்பிஐ. அதில் சொந்த வெற்றி விகிதம் 25%, எதிராளிகளின் விகிதம் 21%, அவர்களுடைய எதிராளிகளின் விகிதம் 54%. வெளியூர் வெற்றிக்கு மதிப்பு 1.2, சொந்த ஊர் வெற்றிக்கு 0.8. (2025-26 முதல் என்பிஐ என்ற வேறு கணக்கு வந்துவிட்டது, அதிலும் வாக்கு கிடையாது.)

ஆறு அணிகள் எப்படி வந்தன? ஒரு அணிக்கு வழக்கமான சீசனில் 34 ஆட்டங்கள். ஹாக்கி ஈஸ்டிலும் என்சிஎச்சி-யிலும் அதில் 24 கான்ஃபரன்ஸுக்குள்ளேயே. உள்ளே ஒருவர் ஜெயித்தால் ஒருவர் தோற்பார்; கான்ஃபரன்ஸின் மொத்தச் சராசரி அசையாது. அதை ஏற்றுவதும் இறக்குவதும் வெளி ஆட்டங்கள் பத்துதான். அவற்றில் பெரும்பாலானவை புத்தாண்டுக்குள் முடிந்துவிடும். அக்டோபரில் என்சிஎச்சி-யின் கீழ்வரிசை அணிகள் வெளியே தோற்றால், பிப்ரவரியில் அந்த அணிகளை வெல்லும் டென்வருக்குக்கூட அதனால் பலன் குறைகிறது. கோபப்படுவதானால் உங்கள் கான்ஃபரன்ஸின் கடைசி மூன்று அணிகள் மீது கோபப்படுங்கள்.

மலைப்பனி:
தேர்வுக்கு இது சரி. இடம் ஒதுக்குவதற்கு என்ன பதில்? 2024-ல் டென்வர் மூன்றாம் தரவரிசை. அதை 2,700 கி.மீ. தள்ளி மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அனுப்பி, அந்த மாநிலத்து அணியோடு அந்த மாநிலத்துக் கூட்டத்தின் முன் ஆட விட்டார்கள். இரண்டாவது ஓவர்டைம் வரை இழுத்து 2-1 என்று ஜெயித்தது.

புள்ளிக்கணக்கு:
இதற்குப் படிப்படியாகவே விடை சொல்லலாம். விதிகள் மூன்று: ரீஜனலை (போட்டியின் முதல் கட்டத்தை) நடத்தும் கல்லூரி தகுதி பெற்றால் அங்கேயேதான் ஆடும்; முதல் சுற்றில் ஒரே கான்ஃபரன்ஸ் அணிகள் மோதக் கூடாது; முடிந்தவரை முதலிடத்துக்குக் கடைசி இடம் என்ற வரிசை கெடக் கூடாது.

அந்த வருட முதல் நான்கு: பாஸ்டன் காலேஜ், பாஸ்டன் யுனிவர்சிட்டி, டென்வர், மிஷிகன் ஸ்டேட். கடைசி நான்கு: மாசசூசெட்ஸ், வெஸ்டர்ன் மிஷிகன், ஆர்ஐடி, மிஷிகன் டெக்.

ஸ்பிரிங்ஃபீல்டை நடத்தியது மாசசூசெட்ஸ். ஆகவே அது அங்கே உறுதி. பாஸ்டன் அணிகள் இரண்டும் அதே ஹாக்கி ஈஸ்ட் என்பதால் அங்கே போக முடியாது. மிச்சம் டென்வரும் மிஷிகன் ஸ்டேட்டும். மிஷிகன் ஸ்டேட்டை அனுப்பினால், டென்வருக்கு எதிராக வெஸ்டர்ன் மிஷிகன் வரும். அவர்கள் இருவரும் என்சிஎச்சி. அதைத் தவிர்க்க ஆர்ஐடி-யையோ மிஷிகன் டெக்கையோ டென்வருக்குக் கொடுத்தால், முதல் இரண்டு இடத்தாரில் ஒருவருக்குக் கடினமான எதிராளி போவார். சீசன் முழுக்க ஆடி முதலிடம் பிடித்ததற்கு அதுவா பரிசு? டென்வர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குத்தான் போயாக வேண்டியிருந்தது.

இதே ஏற்பாட்டில் இரண்டாம் தரவரிசை பாஸ்டன் யுனிவர்சிட்டி 2,000 கி.மீ.க்கு மேல் பறந்து சவுத் டகோட்டாவின் சூ ஃபால்ஸில் ஆடியது. அதை யாரும் மேற்குச் சார்பு என்று சொல்லவில்லை.

சார்லஸ்கரை:
சொன்னோம். யாரும் கேட்கவில்லை.

நீலக்கோடு:
பெண்கள் ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசாததைக் கவனித்தீர்களா? அங்கே மேற்கின் டபிள்யூசிஎச்ஏ கான்ஃபரன்ஸ்தான் ராஜா. 2001-ல் என்சிஏஏ போட்டி தொடங்கியதிலிருந்து 2025 வரை அந்தக் கான்ஃபரன்ஸுக்கு வெளியே பட்டம் வென்ற ஒரே கல்லூரி கிளார்க்சன்: 2014, 2017, 2018. ஆனால் விமானச் செலவை மிச்சம் பிடிக்கப் பக்கத்து ஊர் அணிகளைக் கால் இறுதியிலேயே மோத விடுவார்கள். 2022-ல் மினசோட்டாவும் மினசோட்டா டுலூத்தும் கால் இறுதியில் சந்தித்தன. டுலூத் 2-1 என்று ஜெயித்து இறுதி வரை போனது. பட்டம் வெல்லக்கூடிய இரண்டு அணிகளில் ஒன்றை முன்கூட்டியே வெளியேற்றிய கணக்கு அது. பாரபட்சம் என்றால் முதலில் இதைப் பேசியிருக்க வேண்டும். பத்திரிகைக்காரன் என்ன எழுதினான் என்று சண்டை போடுகிறோம், பயணச் சீட்டுக்குப் பணம் கொடுப்பவனை விட்டுவிடுகிறோம்.

மலைப்பனி:
நீலக்கோடு சொன்னது சரி. ஒதுக்கீட்டு வாதத்தை விட்டுவிடுகிறேன். ஊடக வாதத்தை விட மாட்டேன்.

2024-25-ல் ஹாக்கி ஈஸ்ட், ஈசிஏசி ஆட்டங்கள் ஈஎஸ்பிஎன் நிறுவனத்தின் இணையச் சேவையான ஈஎஸ்பிஎன் பிளஸ்ஸில். என்சிஎச்சி-க்குச் சொந்த இணைய ஒளிபரப்பு, சில ஆட்டங்கள் சிபிஎஸ் ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க்கில். இன்னொரு கான்ஃபரன்ஸான பிக் டென்னுக்குத் தனிச் சேனல். என்சிஏஏ இறுதிக் கட்டமோ ஈஎஸ்பிஎன்-னிடம். மார்ச்சில் நாட்டுக்கே போட்டியை விளக்குகிற நிறுவனம் ஆறு மாதமாகத் தன் கடையில் வைத்திருந்த சரக்கு கிழக்கு அணிகள். கேமராப் பதிவு, துண்டுக் காட்சி, பழகிய பெயர்கள் எல்லாம் கையில் தயார். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதில்லை. பேச்சு தானாக அந்தப் பக்கம் சாயும். பாஸ்டனில் நெஸன் சேனலின் உரிமையே அந்த ஊர்த் தொழில்முறை அணிகளான ரெட் சாக்ஸ் (பேஸ்பால்), புரூயின்ஸ் (ஹாக்கி) முதலாளிகளிடம்.

அடுத்தது நேரம். டென்வரில் மாலை 7 மணி என்றால் பாஸ்டனில் 9. ஆட்டம் இரண்டரை மணி நேரம். முடியும்போது அங்கே 11:30. அலாஸ்காவில் 7 மணி ஆட்டம் தொடங்கும்போதே கிழக்கில் 11. அச்சுக்குப் போகும் பக்கத்தில் வெறும் ஸ்கோர்தான் வரும்.

சார்லஸ்கரை:
இது வலுவான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்எச்எல் டிராஃப்ட்டை (தொழில்முறை லீக் அணிகள் இளம் வீரர்களை எடுக்கும் தேர்வு) விட்டுவிட்டீர்கள். 2023-24-ல் பாஸ்டன் யுனிவர்சிட்டியின் மேக்லின் செலப்ரினி அடுத்த டிராஃப்ட்டின் முதல் ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். பாஸ்டன் காலேஜில் கட்டர் கோத்தியே 38 கோல். கேமரா அங்கே போகாமல் எங்கே போகும்? அதே கேமரா 2022-23-ல் மிஷிகனின் ஆடம் ஃபான்டிலி பின்னால் போனது. 2015 முதல் 2025 வரை சிறந்த கல்லூரி வீரருக்கான ஹோபி பேக்கர் விருதை எண்ணுங்கள்: கிழக்குக்கு ஐந்து (ஐகல், வேசி, காடெட், மகார், செலப்ரினி), மேற்குக்கு ஆறு (புட்சர், பெருனோவிச், காஃபீல்ட், மெக்கே, ஃபான்டிலி, ஹவர்ட்). கிழக்குச் சார்பு இவ்வளவு பலமாக இருந்தால் இந்தக் கணக்கு எப்படி வந்தது?

மலைப்பனி:
விருதுக்கு ஆள்தான் கணக்கு. நான் கேட்பது அணிகளைப் பற்றி. 2024 டிராஃப்ட்டில் டென்வரின் ஜீவ் புயியம் முதல் சுற்றில் 12-வதாக எடுக்கப்பட்டவர். அவரைப் பற்றிய பேச்சு ஏப்ரலில்தானே சூடு பிடித்தது?

புள்ளிக்கணக்கு:
சார்பு உண்டா என்று அளக்க விரும்புபவர்கள் வாக்கெடுப்பை எடுங்கள். அங்கேதான் மனிதக் கருத்து எண்ணாக மாறுகிறது. கல்லூரி ஹாக்கி இணையதளமான யுஎஸ்சிஎச்ஓ-வின் வாக்கெடுப்புப் பட்டியலில் முதலிடத்துக்கு 20 புள்ளி, இருபதாம் இடத்துக்கு 1. திங்கள்தோறும் அதைக் கணக்குத் தரவரிசைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வோர் அணியும் வாக்கில் எத்தனை இடம் மேலே, எத்தனை கீழே என்று கழித்து, கான்ஃபரன்ஸ் வாரியாகச் சராசரி எடுங்கள்.

மூன்று இடங்களில் கணக்கு தப்பும். டிசம்பருக்கு முன் தொடங்காதீர்கள். வெளி ஆட்டங்கள் போதாமல் தரவரிசை தாறுமாறாகக் குதிக்கும். ஐவி லீக் அணிகள் தாமதமாகத் தொடங்குவதால் கார்னெல், ஹார்வர்ட் எண்களை ஜனவரி வரை ஒதுக்குங்கள். முன்சீசன் பட்டியலில் மேலே இருந்த அணி தோற்றாலும் மெதுவாகத்தான் இறங்கும். அது பழைய பெயரின் பலம், ஊரின் பலம் அல்ல. நார்த் டகோட்டாவுக்கும் அது கிடைக்கும், பாஸ்டன் காலேஜுக்கும் கிடைக்கும். அதனால் சென்ற வருடம் முதல் பத்தில் இருந்தவற்றைத் தனியாகப் பிரித்து, மிச்சத்தில் கிழக்கு-மேற்கு பாருங்கள்.

சார்லஸ்கரை:
கார்னெலை ஜனவரி வரை ஒதுக்கினால் ஈசிஏசி சராசரியே மாறிவிடுமே?

புள்ளிக்கணக்கு:
மாறும். ஈசிஏசி-க்கு மட்டும் ஜனவரி முதல் வாரத்திலிருந்து தனி நிரல் போடுங்கள்.