விபி6: ஒரு லாகின்ல மாத்துற செட்டிங் இன்னொரு லாகின்ல தெரியல

எடைமேடைக்காரன்:
காங்கேயம் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு எடைமேடை சாஃப்ட்வேர் பார்த்துக்கிறேன். விபி6-ல (விஷுவல் பேசிக் 6) எழுதினது, விண்டோஸ் 10. ஒரே கம்ப்யூட்டர்தான், ஆனா பகல் ஆபரேட்டருக்கும் ராத்திரி ஆபரேட்டருக்கும் தனித்தனி லாகின். செட்டிங் எல்லாம் புரோகிராம் ஃபைல்ஸ்ல எக்ஸ்இ பக்கத்துலயே ஒரு ஐஎன்ஐ ஃபைல்ல (செட்டிங் எழுதி வெக்கிற டெக்ஸ்ட் ஃபைல்) கிடக்கு: காம் போர்ட் (எடைக்கருவி எந்த சீரியல் போர்ட்ல இருக்குங்கிற நம்பர்), பாட் ரேட் (அதுல டேட்டா வர்ற வேகம்), எடைக்கூலி, எழுத்து அளவு.

யுஎஸ்பி சீரியல் கேபிளை யாரோ வேற ஓட்டையில சொருகிட்டதுல காம் 3, காம் 5 ஆயிருச்சு. பகல் ஆள் 5-னு மாத்தி சேவ் பண்ணினார், எடை வந்துருச்சு. ராத்திரி ஆள் திறந்தா இன்னும் 3-ஐத் தேடிட்டு நிக்குது. அட்மின்ல போய் ஐஎன்ஐ-யைத் திறந்தா அதுலயும் 3 தான், தேதியும் இன்ஸ்டால் பண்ணின அன்னைக்குள்ளது. அப்ப அந்த 5 எங்கதான் போச்சு?

சிஸ்டம் சரவெடி:
ஃபோல்டருக்கு எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் குடுத்துருங்க தல. வேலை முடிஞ்சது.

பழைய விபி:
தம்பி, அதைச் செய்யாதீங்க. எக்ஸ்இ-யும் அதே ஃபோல்டர்லதான் இருக்கு. யார் வேணா அதையே மாத்தி வெச்சுட்டுப் போகலாம்.

அந்த 5 பகல் ஆளோட ப்ரொஃபைல்ல இருக்கு. யூசர்ஸ், அவர் பேரு, ஆப் டேட்டா, லோக்கல், விர்ச்சுவல் ஸ்டோர்னு உள்ளே போங்க (ஆப் டேட்டா மறைஞ்சிருக்கும்). விஸ்டாவுல வந்த ஏற்பாடு இது. மேனிஃபெஸ்ட் (எந்த உரிமையில ஓடணும்னு எக்ஸ்இ விண்டோஸுக்குச் சொல்ற குறிப்பு) இல்லாத 32 பிட் புரோகிராம், சாதாரண லாகின்ல இருந்து புரோகிராம் ஃபைல்ஸ்ல எழுதப் பார்த்தா, விண்டோஸ் எரர் காட்டாம அந்த யூசருக்குன்னு ஒரு நகல் போட்டு அதுல எழுதிக்கும். அடுத்த தடவை படிக்கும்போதும் அந்த நகலைத்தான் முதல்ல பார்க்கும். விபி6-ல எப்பவும் 32 பிட் எக்ஸ்இ தானே, அதான் மாட்டிக்குச்சு. டாஸ்க் மேனேஜர்ல டீடெய்ல்ஸ் போய் யுஏசி விர்ச்சுவலைசேஷன் (இந்த நகல் ஏற்பாட்டோட பேரு) காலத்தைப் போட்டுப் பாருங்க, எனேபிள்ட்னு இருக்கும்.

இனி எங்க வைக்கிறதுன்னா, ஒவ்வொரு செட்டிங்கையும் யார் மாத்தணும்னு முதல்ல கேளுங்க. எழுத்து அளவு அவங்கவங்க கண்ணுக்குத் தக்கபடி, அது ஆப் டேட்டாவுக்குள்ள ரோமிங் ஃபோல்டர்ல. காம் போர்ட், பாட் ரேட் அந்த மெஷினோட சங்கதி, எந்த ஆபரேட்டர் மாத்தினாலும் எல்லாருக்கும் மாறணும். அது எல்லா யூசருக்கும் பொதுவான புரோகிராம் டேட்டாவுல உங்க பேர்ல ஒரு ஃபோல்டர். காம் போர்ட்டை ரோமிங்ல மட்டும் போட்டுடாதீங்க. ரோமிங் ப்ரொஃபைல் வெச்சிருக்கிற ஆபீஸ்ல அது ஆளோட சேர்ந்து அடுத்த கம்ப்யூட்டருக்கும் போயிரும்.

எடைமேடைக்காரன்:
விர்ச்சுவல் ஸ்டோர்லயேதான் இருந்துச்சுண்ணா! ஐஎன்ஐ-யை புரோகிராம் டேட்டாவுக்கு மாத்திட்டேன். இப்ப பகல் ஆளுக்கு சேவ் ஆகுது, ராத்திரி ஆளுக்கு பர்மிஷன் டினைட்.

பழைய விபி:
ஆகும். அங்க ஃபைலை முதல்ல உண்டாக்கினவருக்குத்தான் முழு உரிமை, மத்த சாதாரண யூசருக்குப் படிக்க மட்டும். ஃபோல்டரை புரோகிராம் உண்டாக்க வேண்டாம், இன்ஸ்டாலர் உண்டாக்கட்டும். இன்ஸ்டாலரை இன்னோ செட்டப்ல செய்றீங்கன்னா, அந்த ஸ்கிரிப்ட்டோட டிர்ஸ் பகுதியில அந்த ஃபோல்டருக்கு மட்டும் யூசர்ஸ் மாடிஃபை (எல்லா யூசரும் மாத்தி எழுதுற உரிமை) குடுங்க. அப்படியே எக்ஸ்இ-க்கு ஒரு மேனிஃபெஸ்ட் போட்டுருங்க; அதுக்கப்புறம் தப்பான இடத்துல எழுதினா நேரா எரர் வரும், ஒளிஞ்சு விளையாடாது.

எடைமேடைக்காரன்:
எடைக்கூலியும் அதே ஃபைல்லதான் இருக்கு. ஆபரேட்டர் கை வெக்கக் கூடாதுன்னு முதலாளி சொல்றார்.

பழைய விபி:
அப்ப அதைத் தனி ஃபைலாக்குங்க. புரோகிராம் டேட்டாவுலயே இருக்கட்டும், ஆனா வேற ஃபோல்டர்ல. மாடிஃபை குடுத்த ஃபோல்டருக்குள்ள வெச்சா அதுக்கும் அந்த உரிமை வந்துரும். இதுக்கு அட்மின் மட்டும் எழுதலாம், மத்தவங்க படிக்கலாம், அவ்வளவுதான். ரேட் மாத்துற ஸ்கிரீனைத் தனி எக்ஸ்இ-யாக்கி அட்மின் பாஸ்வேர்டு கேக்க வெச்சு, பாஸ்வேர்டை முதலாளிகிட்டயே குடுத்துருங்க. உங்களுக்கும் ராத்திரி போன் வராது.