நாய் உயரத்தில் கேமரா: 'ஸ்ட்ரே' யாருடைய படம்?

இரவுக்காட்சி:
எலிசபெத் லோ எடுத்த 'ஸ்ட்ரே' (2020) ஆவணப்படத்தை நேற்றுதான் பார்த்தேன். பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: இஸ்தான்புல் தெருக்களில் திரியும் ஸெய்தின், நஸார், கர்தால் என்ற மூன்று நாய்களின் பின்னாலேயே போய் 2017 முதல் 2019 வரை எடுத்த படம். வர்ணனை கிடையாது, பேட்டி கிடையாது. கேமரா நாயின் கண் உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மனிதர்கள் பெரும்பாலும் கால்களாகவும் பேச்சுத் துணுக்குகளாகவும்தான் வருகிறார்கள். நாய் நிற்கிறவரை அவர்கள் பேச்சு நமக்குக் கேட்கும், நாய் கிளம்பினால் அதோடு போச்சு. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றும் லோதான். எனக்கு ரொம்பப் பிடித்தது. உங்களுக்கு?

மேட்டுத்தெரு:
பார்த்தேன். அழகான படம், அதுதான் என் புகாரே. நாயின் கண் உயரம் என்கிறீர்கள். நாயைக் கண்டு சுவரோரம் ஒதுங்கி நடக்கும் சின்னப் பிள்ளையின் கண் உயரமும் கிட்டத்தட்ட அதுதானே? அந்தக் கேமரா எங்கே? முழுப் படத்தில் பயந்து நிற்கும் ஒரு தாயைக் கூட நின்று பார்க்கவில்லை. துருக்கியில் 2024 ஜூலையில் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி, தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. அந்த நாட்டில் 40 லட்சம் தெருநாய்கள் இருப்பதாக அரசே கணக்குச் சொல்கிறது. அந்தச் சட்டத்தைக் கேட்டுத் தெருவில் நின்றவர்களில் நாய் தாக்கிப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் உண்டு. 'ஸ்ட்ரே' காட்டும் இஸ்தான்புல்லில் அவர்கள் குடியிருக்கவே இல்லை.

காதுவெட்டு:
மேட்டுத்தெரு நண்பரே, படத்தில் நாய்களின் காதைக் கவனித்தீர்களா? பிளாஸ்டிக் வில்லை தொங்கும். பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, எடுத்த இடத்திலேயே விட்ட நாய் என்பதற்கு அதுதான் அடையாளம். நம் ஊரில் காது நுனியை வெட்டி விடுகிறார்களே, அதே வேலை. துருக்கியில் 2004-ல் வந்த 5199-ஆம் எண் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் முழுவதும் அந்த வில்லையில் இருக்கிறது. படம் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை என்று சொல்ல முடியாது. தொடக்கத்திலேயே எழுத்தில் போடுகிறார்கள்: 1909 முதல் அரசு தெருநாய்களை ஒழிக்கப் பார்த்தது, மக்கள் எதிர்த்தார்கள், அதனால்தான் தெருநாயைக் கொல்வதும் அடைத்து வைப்பதும் அங்கே சட்டவிரோதமானது என்று.

அந்த ஒழிப்பு எப்படி நடந்தது தெரியுமா? 1910-ல் பல்லாயிரம் நாய்களைப் பிடித்து மர்மரா கடலில் உள்ள சிவ்ரியாடா என்ற மொட்டைத் தீவில் கொண்டு விட்டார்கள். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. ஊளைச் சத்தம் கரை வரைக்கும் கேட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இஸ்தான்புல்காரன் நாயைப் பார்க்கிற பார்வைக்குப் பின்னால் இதெல்லாம் இருக்கிறது.

மேட்டுத்தெரு:
வரலாறு சரி. ஆனால் நீங்கள் சொல்கிற தொடக்க எழுத்து 2024-லேயே காலாவதியாகிவிட்டது. ஏன் ஆனது? இருபது வருடம் சட்டம் இருந்தும் நகராட்சிகள் போதுமான அளவுக்குக் கருத்தடை செய்யவில்லை. வெறிநோய் பரவாமல் இருக்க ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது தெருவுக்குத் தெரு, வருடா வருடம் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலை எங்கே நின்றுபோனது என்று படம் ஒரு நிமிடமாவது கேட்டிருந்தால், புதிய சட்டத்தை எதிர்த்தவர்கள் கையில் ஒரு ஆயுதம் இருந்திருக்கும். காது வில்லையைப் பார்த்துப் புரிந்துகொள்ள உங்களைப் போல விவரம் தெரிந்தவராக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது கம்மல்.

இரவுக்காட்சி:
நகராட்சி செய்யாத வேலைக்கு இயக்குநரைக் கேள்வி கேட்கிறீர்கள். நான் படத்தில் பார்த்த அரசியல் வேறு. சிரியாவிலிருந்து தப்பி வந்த பையன்கள் பாதியில் நிற்கும் கட்டடத்தில் படுத்துக்கொள்கிறார்கள், நாய்களையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். நாய் தெருவில் படுத்தால் யாரும் எழுப்புவதில்லை. பையன்கள் படுத்தால் விரட்டுகிறார்கள். ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் இதைச் சொல்லிவிட்டாரே!

மேட்டுத்தெரு:
அந்தப் பையன்கள் பசை முகர்ந்து போதையில் கிடப்பதையும் காட்டினாரே. போதையில் இருக்கிற, ஊர் பேர் தெரியாத இடத்தில் அகதியாக இருக்கிற பையனிடம் வாங்கும் சம்மதம் என்ன சம்மதம்? முகத்தை மறைக்கக் கூட இல்லை. நாய்க்குப் பார்த்த மரியாதையை அவர்களுக்கும் பார்த்திருக்கலாம்.

பழைய ரீல்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கடியைக் காட்டாத நாய்ப் படம் என்று குறை சொல்பவர்கள் 'ஸ்பேஸ் டாக்ஸ்' (2019) பார்க்க வேண்டும். எல்சா கிரெம்சர், லெவின் பீட்டர் இருவரும் மாஸ்கோவில் எடுத்தது. 1957 நவம்பர் 3 அன்று சோவியத் விண்கலமான ஸ்புட்னிக் 2-ல் ஏற்றி அனுப்பிய லைக்காவும் மாஸ்கோ தெருநாய்தான். குளிரும் பசியும் பழகிய நாய் தாங்கும் என்று கணக்குப் போட்டுத் தெருவிலிருந்து பிடித்தார்கள். கிளம்பிய சில மணி நேரத்தில் வெப்பம் தாங்காமல் செத்தது, அந்த உண்மை 2002-ல்தான் வெளியே வந்தது. படம் சோவியத் கால ஆய்வுக்கூடக் காட்சிகளையும் இன்றைய தெருநாய்களையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது.

அதில் ஒரு நாய் பூனையைப் பிடித்துக் கொல்கிறது. கேமரா திரும்பவே இல்லை, சாகும்வரை நிற்கிறது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் மனிதன் நாய்க்குச் செய்ததை மட்டும் காட்டி, நாய் பூனைக்குச் செய்வதை வெட்டியிருந்தால் அது பிரச்சாரப் படம்.

காதுவெட்டு:
இதில் நான் மேட்டுத்தெரு பக்கம் சாய்வேன் போல! பழைய ரீல் அண்ணே, மாதக்கணக்கில் கூடவே திரிந்த படக்குழுவை அந்த நாய் தன் கூட்டத்து ஆளாகத்தான் பார்க்கும். பின்னால் ஆள் பலம் இருந்தால் நாய் துணிச்சலாகும், இது தெருவில் சோறு வைக்கிற எல்லோருக்கும் தெரியும். 'நாங்கள் வெறும் பார்வையாளர்கள்' என்பது அங்கே எடுபடாது. ஒரு கல்லை எறிந்திருந்தால் பூனை தப்பியிருக்கும்.

பழைய ரீல்:
கல்லை எறிந்தால் காட்சி போகும், பரவாயில்லை. ஆனால் நாளைக்கு அதே நாய் அதே பூனைகளிடம் போகும், கேமரா இல்லாமல். உங்கள் மனச்சாட்சி மட்டும்தான் தப்பிக்கும்.

தேநீர்க்கடை:
இரண்டு பக்கமும் சூடாகிவிட்டது, ஒரு ஆறுதலுக்கு: சிலியில் எடுத்த 'லாஸ் ரெயேஸ்' (2018). சாண்டியாகோவில் ஒரு ஸ்கேட்போர்டு பூங்கா, சோலா, ஃபுட்போல் என்று இரண்டு நாய்கள். இயக்குநர்கள் முதலில் அங்கே வரும் பையன்களைத்தான் எடுக்கப் போனார்களாம், கடைசியில் நாய்கள் நாயகர்கள் ஆகிவிட்டன. பையன்களின் பேச்சு மட்டும் கேட்கும், முகத்தைக் காட்ட மாட்டார்கள். மேட்டுத்தெரு கேட்ட மரியாதை இதில் இருக்கிறது.

மேட்டுத்தெரு:
பார்க்கிறேன். ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. போன வருடம், 2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லித் தெருநாய்களைப் பிடித்து அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 22-ஆம் தேதி அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுத் திரும்ப விடலாம், வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது என்று மாற்றினார்கள். பதினோரு நாளில் நாடே இரண்டாகப் பிரிந்து கத்தியது. இதை இங்கே யாராவது படமாக எடுத்தால், அரசு மருத்துவமனையில் நாய்க்கடி ஊசி போடும் வரிசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரவுக்காட்சி:
அங்கே தொடங்கினால் முதல் ஷாட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். பிறகு நாய் எந்த உயரத்தில் வந்தாலும் குற்றவாளிதான்.

காதுவெட்டு:
நான் படம் எடுத்தால் நாய் பிடிக்கும் வண்டியில் ஏறுவேன். வலையோடு ஓடுகிற தொழிலாளிக்கு இரண்டு பக்கமும் திட்டுதான். நாய்க்குச் சோறு போடுகிறவரும் திட்டுவார், 'இன்னுமா பிடிக்கலை' என்று கேட்கிறவரும் திட்டுவார். அவருக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டாலே பாதிப் படம் ஓடிவிடும்.

மேட்டுத்தெரு:
சரி, வண்டியில் ஏறுங்கள். ஆனால் அந்த வண்டி ஊசி வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும், அப்போது கேமராவை அணைக்கக் கூடாது.