ஞாயித்துக்கிழமை மொத்தமா சமைச்சு வைக்கிறது: தொடரலாமா, விட்டுடலாமா?

மூணுடப்பா | செவ்வாய், இரவு 10.40

வீட்டுல ஆறு பேர். நான், கணவர், ரெண்டு பிள்ளைங்க, மாமனார், மாமியார். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். எட்டு வாரமா ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு அடுப்படிக்குள்ள நுழைஞ்சா மதியம் ஒரு மணிக்குத்தான் வெளிய வர்றேன். ஆறு நாள் ராத்திரிச் சாப்பாட்டையும் சமைச்சு டப்பால போட்டு அடுக்கிடுவேன். முதல் மூணு வாரம் சொர்க்கம்.

போன புதன்கிழமை ஏழரைக்கு வீட்டுக்கு வந்து ஃப்ரீசர்ல இருந்து ராஜ்மா டப்பாவை எடுத்தேன். செங்கல்லு மாதிரி இருந்துச்சு. குழாய்த் தண்ணில காட்டி, கவுத்து, முதுகுல நாலு தட்டு தட்டினதும் 'டங்'னு பாத்திரத்துல விழுந்துச்சு. ஓரமெல்லாம் கொதிக்குது, நடுவுல பனிக்கட்டி. கரண்டியால குத்திக் குத்தி உடைச்சதுல ராஜ்மா மசிஞ்சு கூழாச்சு, அடில பிடிச்சும் போச்சு. தட்டு போடறப்ப மணி எட்டே முக்கால். சின்னவன் ரெண்டு பிஸ்கட்டைத் தின்னுட்டு சோபாவுலயே தூங்கிட்டான்.

இதுக்கா ஞாயித்துக்கிழமையைக் கொடுத்தேன்னு இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சூடாச்சோறு | செவ்வாய், இரவு 11.05

விட்டுடுங்க. கணக்கு ரொம்ப எளிசு. அஞ்சு மணி நேரம்னா 300 நிமிஷம். ஆறு நாளுக்குப் பிரிச்சா நாளைக்கு 50. அதுக்கு மேல தினமும் சுட வைக்க, டப்பா கழுவ இருபது நிமிஷம். எழுபது ஆச்சு. நான் தினமும் நாலு பேருக்குப் புதுசா சமைக்கிறேன், நாற்பது நிமிஷத்துக்கு மேல போனதில்ல. குக்கர்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரியைத் தாண்டாது. குக்கர் உள்ள 120 வரைக்கும் போகும். 1679-லயே பாப்பின்னு ஒரு மனுஷன் இந்த வித்தையைக் கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டுப் போயிட்டாரு, நாம இன்னும் டப்பாவைத் தட்டிக்கிட்டு இருக்கோம்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சின்னு சும்மா சொல்லல.

ஞாயிறுகட்சி | புதன், காலை 6.20

சார், கணக்கு சரி, ஆனா நிமிஷமெல்லாம் ஒரே விலை இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல பாட்டு கேட்டுக்கிட்டே வெங்காயம் உரிக்கிற பத்து நிமிஷமும், ராத்திரி ஏழரைக்கு ஒருத்தன் கால்ல தொங்க, இன்னொருத்தி வீட்டுப்பாட நோட்டைத் தேட, அந்த நடுவுல வெங்காயம் உரிக்கிற பத்து நிமிஷமும் ஒண்ணா? நாலு வருஷமா வாராவாரம் மொத்தமாத்தான் சமைக்கிறேன்.

மூணுடப்பா தோழி, உங்க தப்பு சமைச்சதுல இல்ல, உறைய வச்ச விதத்துல. ஆழமான டப்பால அமுக்கி வச்சா செங்கல்லுதான் வரும். ஜிப் பைல ஊத்தி, காத்தை வெளியேத்தி, தட்டு மேல படுக்க வச்சு விரல் கனத்துக்குப் பரப்புங்க. உறைஞ்சதும் புத்தகம் மாதிரி நிமித்தி அடுக்கலாம். வேணுங்கிற அளவு மடக்குன்னு ஒடிச்சுப் போட்டா பத்து நிமிஷத்துல கொதி வந்துடும். பையை முட்ட நிரப்பாதீங்க, தண்ணி உறையறப்ப ஒன்பது சதவீதம் போல விரியும். ஆழமான டப்பாதான்னா முந்தின ராத்திரியே ஃப்ரீசர்ல இருந்து ஃப்ரிட்ஜ் கீழ்த் தட்டுக்கு இறக்கிடணும். உருளைக்கிழங்கு துண்டை மட்டும் உறைய வைக்காதீங்க, இளகினா பஞ்சு மாதிரி ஆயிடும். வீட்டு ஃப்ரீசர் மெதுவா உறைய வைக்கும், ஐஸ் துகள் பெருசாகிக் கிழங்கைக் கிழிச்சுடும்.

சூடாச்சோறு | புதன், காலை 8.15

கேட்டது 'தொடரலாமா', நீங்க சொல்றது 'எப்படி அடுக்கலாம்'. விரல் கனம், முந்தின ராத்திரி இறக்கணும், கிழங்கு ஆகாது... சமைக்கிறதை விட இதுக்குத்தான் படிக்கணும் போல. மூணு நாள் ஃப்ரிட்ஜ்ல இருந்த சோறு மணி மணியா வெறைச்சு நிக்குமே, அதையும் எப்படி மடக்குன்னு ஒடிக்கிறதுன்னு சொல்லுங்க.

ஆய்வகப்பழசு | புதன், மதியம் 1.30

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். இரு தரப்புமே சோற்றைச் சுவையாக மட்டும் பார்க்கிறீர்கள்.

முதலில் விறைப்பு. வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும். அது வேகமாக நடப்பது ஃப்ரிட்ஜின் குளிரில்தான். ஃப்ரீசரில் மிக மெதுவாகவே நடக்கும். எனவே மூன்றாம் நாளுக்கான சோற்றை ஃப்ரிட்ஜில் அல்ல, ஃப்ரீசரில் வைப்பதே சரி.

இரண்டாவது இதைவிட முக்கியம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 'நல்லா கொதிக்க வச்சுட்டேனே' என்பது இங்கே செல்லாது. பொதுவான விதி: சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரிக் குளிருக்குள் போக வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

எத்தனை நாள் வைக்கலாம் என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. அமெரிக்க அரசின் அறிவுரை சமைத்த உணவுக்குப் பொதுவாக மூன்று, நான்கு நாள் என்கிறது. பிரிட்டனில் சோற்றுக்கு மட்டும் ஒரே நாள். எப்படிப் பார்த்தாலும் ஞாயிற்றுக்கிழமை சமைத்தது வெள்ளிக்கிழமை வரை ஃப்ரிட்ஜில் இருக்கக் கூடாது.

மூணுடப்பா அம்மா, ஒரு மணிக்குச் சமையல் முடிந்ததும் பாத்திரங்கள் எங்கே இருக்கும்?

மூணுடப்பா | புதன், இரவு 9.50

ஐயா, மேடை மேலதான். சூடா உள்ள வச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுடும்னு நாலு, நாலரை வரைக்கும் ஆற விட்டுத்தான் டப்பால போடுவேன். இப்ப வயித்தைக் கலக்குது.

ஆய்வகப்பழசு | புதன், இரவு 10.10

கொதிக்கக் கொதிக்க அண்டாவோடு வைத்தால்தான் பக்கத்தில் இருப்பதும் சூடாகும். அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கிக் கிளறியும் விடலாம். கை பொறுக்கும் சூடு வந்ததும் தாராளமாக உள்ளே வையுங்கள். எடுத்துச் சூடாக்கும்போது நடுப்பகுதியும் 74 டிகிரியைத் தொட வேண்டும். ஓரம் கொதிப்பதைப் பார்த்து இறக்கக் கூடாது.

இரண்டாம்ஷிப்ட் | வியாழன், காலை 4.35

சாப்பிட்டுக்கிட்டே எழுதறேன். சூடாச்சோறு சார் வீட்டுல நாலு பேரும் ஒரே நேரத்துல உக்காந்து சாப்பிடுவாங்க போல. கொடுத்து வச்சவங்க. நான் வேலை முடிஞ்சு வர்றது நாலு மணிக்கு. என் வீட்டுக்காரர் கிளம்பறது ஆறுக்கு. இந்த நேரத்துல குக்கர் வச்சா மேல் மாடி வரைக்கும் எழுந்துக்கும். டப்பா மேல மாஸ்கிங் டேப்புல 'முட்டை இருக்கு, உப்பு கம்மி, பார்த்துக்க'ன்னு எழுதி வச்சிருக்காரு. நாங்க பேசிக்கிறதே இந்த வாரம் அந்த டேப்புலதான். இதைப் பழங்கஞ்சின்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

அப்புறம், மூணுடப்பா, ஸ்லோ குக்கர் வாங்கிக் காலைல ராஜ்மாவைப் போட்டுட்டுப் போயிடுங்களேன்?

ஆய்வகப்பழசு | வியாழன், காலை 7.00

வேண்டாம். ராஜ்மாவை ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதலில் தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். பத்து நிமிடம் போதும் என்பார்கள், அரை மணி கொதித்தால் கவலையே இல்லை. ஸ்லோ குக்கரின் மந்தச் சூட்டில் ராஜ்மாவில் உள்ள நச்சு அழியாது. அரைவேக்காட்டில் பச்சையைவிட மோசமாகவும் ஆகும்.

சூடாச்சோறு | வியாழன், காலை 9.40

இரண்டாம்ஷிப்ட் நிலைமை வேற, ஒத்துக்கறேன். ஆனா திரி ஆரம்பிச்சவங்க வீட்டுல ஆறு பேரும் ராத்திரி இருக்காங்க. அவங்களுக்கு என்ன பதில்?

ஞாயிறுகட்சி | வியாழன், காலை 10.05

சார், உங்க நாற்பது நிமிஷத்தைப் பத்தி ஒண்ணு கேக்கணும். வீட்டுல இருந்தே வேலை பாக்கறதா இதுக்கு முந்தின திரில சொன்னீங்க. மத்தியானம் ராஜ்மாவை ஊறப் போடறது, கோழியை வெளிய எடுத்து வைக்கிறது, காய் தீர்ந்துடுச்சான்னு பாக்கறது இதெல்லாம் அந்த நாற்பதுல வருதா, இல்ல ஆபீஸ் கணக்குல வருதா?

சூடாச்சோறு | வியாழன், காலை 10.20

வரல. சரி, மாட்டிக்கிட்டேன். அப்படிச் சேத்தா ஒரு மணி நேரம்னு வச்சுக்கங்க. இருந்தாலும் எழுபதுக்குக் கம்மிதான்.

ரெண்டுதலைமுறை | வியாழன், மதியம் 3.15

நான் அந்த மாமியார் வயசுக்காரி. இவ்வளவு நேரம் படிச்சதுல ஒருத்தரும் கேக்காததை நான் கேக்கறேன். ஏம்மா, வீட்டுல பகல் பூரா ரெண்டு பெரியவங்க இருக்காங்களே, அவங்க என்ன பண்றாங்க? முடியாதவங்களா? முடியும்னா ராஜ்மாவை ஊறப் போடக்கூடவா ஆள் இல்ல?

மூணுடப்பா | வியாழன், இரவு 11.20

அம்மா, நீங்க கேட்டதுல இருந்து இதையே யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அவங்க நல்லா இருக்காங்க. முன்னாடி அத்தைதான் பாதி சமையல். இந்த டப்பா வேலையை நான் ஆரம்பிச்சதே, வாரநாள்ல அவங்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும்னு.

ஆனா நடந்தது வேற. ஒவ்வொரு டப்பா மேலயும் கிழமை எழுதி ஒட்டினேன். மூணாவது வாரம் மாமா மத்தியானம் பசிச்சு செவ்வாய்க்கிழமையே 'வியாழன்' டப்பாவைத் திறந்து பாதி சாப்பிட்டுட்டாரு. வேற ஒண்ணும் இல்ல, அதுல கோழி இருந்துச்சு. வியாழக்கிழமை ராத்திரி ஆறு பேருக்குப் பத்தல. நான் கோபமா எதுவும் சொல்லல, ஆனா அதுக்கப்புறம் ஃப்ரிட்ஜைத் திறக்கறப்பல்லாம் ரெண்டு பேரும் என்னைப் பாத்து 'இதை எடுக்கலாமா'ன்னு கேக்கறாங்க. அவங்க வீட்டுல அவங்களே. அத்தை எட்டு வாரத்துல அடுப்பைப் பத்த வச்சது டீ போட மட்டும்தான்.

ரெண்டுதலைமுறை | வெள்ளி, காலை 5.50

ஓய்வு குடுக்கறேன்னு கரண்டியைப் பிடுங்கிட்டியேம்மா. ஒட்டினதைக் கிழிச்சுப் போடு முதல்ல.

ஞாயிறுகட்சி | வெள்ளி, காலை 7.10

கிழமை ஒட்டறதை விட்டாலும் தேதி ஒட்டறதை விடாதீங்க. என்னிக்குச் சமைச்சதுன்னு தெரியாத டப்பா ஆபத்து. கிழமை வேற, தேதி வேற. நானும் ஆரம்பத்துல கிழமைதான் ஒட்டினேன், எங்க வீட்டுல இதே சண்டை.

சூடாச்சோறு | வெள்ளி, காலை 8.30

இந்த ஒரு விஷயத்துல நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி. முழுச் சமையலா செய்யாம, அடிப்படையை மட்டும் செஞ்சு வைங்க. வெந்த ராஜ்மா, வதக்கின வெங்காயம் தக்காளி. மீதியை அன்னன்னிக்கு வீட்டுல யார் இருக்காங்களோ அவங்க முடிச்சுக்கட்டும்.

ஞாயிறுகட்சி | வெள்ளி, காலை 8.45

அதுக்குப் பேரும் மொத்தமா சமைச்சு வைக்கிறதுதான் சார்.

சூடாச்சோறு | வெள்ளி, காலை 8.50

இல்ல, அதுக்குப் பேர் தயார் பண்ணி வைக்கிறது.

மூணுடப்பா | ஞாயிறு, இரவு 9.15

இன்னிக்கு நடந்ததைச் சொல்லிடறேன். எட்டுக்குப் போய்ப் பத்தரைக்கு வெளிய வந்துட்டேன். ராஜ்மாவை வேக வச்சு, தட்டுல ஆறவச்சு, ஜிப் பைல விரல் கனத்துக்குப் பரப்பியாச்சு. வெங்காயம் ரெண்டு கிலோ வதக்கிச் சின்னச் சின்னதா உறைய வச்சாச்சு. கோழியை சுத்தம் பண்ணிப் பச்சையாவே ஃப்ரீசர்ல போட்டாச்சு. சோறு அன்னன்னிக்குதான். பேனாவால தேதி மட்டும்.

கிழமை ஒட்டினதைக் கிழிச்சது நான் இல்ல, மாமா. சாயங்காலம் அத்தை ஃப்ரீசரைத் திறந்து ஒரு பையை எடுத்துப் புரட்டிப் பாத்துட்டு, 'இவ்வளவு வெங்காயமா வதக்குவாங்க'ன்னு எனக்குக் கேக்கற மாதிரி முணுமுணுத்தாங்க. புதன்கிழமை அவங்க செய்யறாங்களாம், எனக்கு ஒண்ணும் வேலை இல்லையாம். பயமாவும் இருக்கு, அவங்க காரம் எங்களுக்கு ஒத்து வராது.

இரண்டாம்ஷிப்ட் | திங்கள், காலை 4.40

ரெண்டு கிலோ வெங்காயம் வதக்க எவ்வளவு நேரம் ஆச்சு?

மூணுடப்பா | திங்கள், காலை 6.05

ஒண்ணேகால் மணி நேரம். சூடாச்சோறு சார் இதை ஆறால வகுக்க வேண்டாம்.